தட்டு மாற்றுவதற்கு முன்

"இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்கண்ணே" என்று பாண்டியம்மா மூன்றாவது முறையாக வந்து ரேடியோ செட்டுக்காரரிடம் சொன்னார்.

பந்தலின் இரண்டு முனைகளிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தன. நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியே அதிர்ந்தது.

"இதுக்கு மேல கூட்டுனா குழாய் கிழிஞ்சிரும்க்கா. வந்தவுக ஒருத்தரோட ஒருத்தர் பேச வேணாமா?" என்றார் செட்டுக்காரர்.

"பேசி என்ன செய்யப் போறாக? கூட்டுங்க."

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி உள்ளே இறங்கும் சாலையில் இருந்தது அந்தத் தெரு. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பாண்டியம்மாவின் ஒரே மகள் கவிதாவுக்கு அன்று நிச்சயம். நானும் என் மனைவி எஸ்தரும் தல்லாகுளத்தில் காலை முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தோம்.

எனக்கு வழக்கமான கவலைகள். எஸ்தரின் மதிய மாத்திரை பையில் இருக்கிறதா, தண்ணீர் பாட்டிலில் பாதியாவது மிச்சம் இருக்கிறதா, திரும்பிப் போக எப்போது பஸ். நாற்காலிகளை எண்ணினேன். அறுபது சொல்லியிருப்பார்கள், ஐம்பத்தெட்டுதான் வந்திருந்தது. எண்ணுவது எனக்கு ஒரு நோய். நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்த காலத்தில் பிடித்தது, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

"உங்க பொண்ணு நிச்சயமா? சும்மா உக்காருங்க" என்றாள் எஸ்தர். உதட்டசைவில்தான் புரிந்தது. அவ்வளவு சத்தம்.

அந்தச் சத்தம் எதற்கு என்று, அந்தத் தெருவுக்கு வெளியே இருந்து வந்தவர்களில் எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

உள்ளே ஓடும் கடிகாரம்

பாண்டியம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு செயற்கையானது. சிறு பிள்ளையாக இருந்தபோது அடிக்கடி தொண்டைப் புண், காய்ச்சல், மூட்டு வீக்கம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காய்ச்சல் உள்ளே வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது, பல வருடம் கழித்து நாற்று நடும்போது வயலில் விழுந்த அன்றுதான் தெரிந்தது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றினார்கள்.

அந்த வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் 'டிக்' என்று மூடும். கூட்டத்தில் தெரியாது. ஆனால் மின்விசிறி ஓடாத அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் தெளிவாகக் கேட்கும். மலிவான சுவர்க் கடிகாரம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்தது போல.

முதல் தடவை கேட்டபோது நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பாண்டியம்மா சிரித்துவிட்டார். "அது ஒங்களது இல்ல சார், எனது."

அவர் தெருப் பிள்ளைகள் "மணி எம்புட்டுக்கா?" என்று கேட்பார்களாம். "ஒனக்கு அடி விழுகுற நேரம்" என்பாராம்.

எஸ்தரிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கவிதா கல்லூரி முடித்து மருந்துக்கடையில் வேலைக்குப் போன பிறகும் அம்மாவை ஒட்டித்தான் படுப்பாள். "அந்தச் சத்தம் காதுல விழுந்தாத்தான் தூக்கம் வரும்ங்குது டீச்சர். தாலாட்டு மாதிரி ஆயிப்போச்சு கழுதைக்கு." கழுதை என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று கேள்விகள்

எங்களுக்கு அவர் எப்படிப் பழக்கம் என்று சொல்ல வேண்டும்.

எஸ்தர் மிஷன் பள்ளியில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற சில மாதங்களில் மாரடைப்பு வந்து, பைபாஸ் ஆனது. வீட்டில் உட்கார்ந்து நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அதைத் தாங்க முடியாமல்தான் அவள் அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போனாள் என்பது என் சந்தேகம்.

இதய நோய் வந்து பிழைத்த பெண்களைத் தேடிப் பிடித்து, அவரவர் தெருவில் மற்ற பெண்களுக்கு எடுத்துச் சொல்லப் பழக்குகிற வகுப்பு அது. ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தியது. தேவாலயத்தை ஒட்டிய கூடம். தேநீரும் சுண்டலும் உண்டு. படிக்கட்டு ஏறும்போது எஸ்தருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நானும் கூடவே போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன்.

வகுப்பு நடத்திய நர்ஸம்மாவுக்கு ஒரே பிடிவாதம். "டாக்டர் பேசுற மாதிரிப் பேசாதீங்க. உங்க உடம்புல இருந்து ஆரம்பிங்க. அறிகுறியப் பட்டியல் போட்டா ஒருத்தியும் கேக்கமாட்டா. உங்களுக்கு நடந்ததச் சொன்னா எழுந்து போகமாட்டா."

அதற்கு மூன்று கேள்விகள். என்ன செய்தது? யாரிடம் முதலில் சொன்னீர்கள்? அவர் என்ன சொன்னார்?

ஒவ்வொருவராக எழுந்து நின்று இதற்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில்தான் கூடம் சிரிக்கும்.

"வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். சீரகத் தண்ணி குடின்னாரு."

"சீரகமாவது பரவால்ல, எம்மாமியா என்னா சொன்னாக தெரியுமா? எனக்கே வரல, அதுக்குள்ள ஒனக்கான்னாக."

"எம் மகன் போன்ல பாத்துச் சொன்னான், ஒனக்கு அல்சராம்."

சிரித்து முடித்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். அந்த நிமிடத்துக்காகத்தான் கேள்விகள் என்று பிறகு புரிந்தது.

அப்படிப் பழகிய பெண்களின் அணியில் பாண்டியம்மாதான் முதல். கேட்பவர்களைக் கிட்டே கூப்பிட்டு, "வாங்க, காத வைங்க" என்பார். வயலில் களை எடுத்த கையோடு வந்த பெண்கள் தயங்கித் தயங்கிக் காதை வைப்பார்கள். "கேக்குதா? இது நிக்காம ஓடணும்னுதான் மாத்திரையும் நிக்காமப் போடுறேன். விரதம்னாலும் போடுவேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல." அவர் பேச்சுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது என்று பரிசோதனைக்குப் போனவர்கள் நான் எண்ணிய வரையில் பதினொரு பேர். எண்ணாமல் விட்டது எத்தனையோ.

ஒரு தெருவில் மட்டும்

வண்டியூர்ப் பக்கத்திலிருந்து கவிதாவுக்கு வரன் வந்தது. பையன் தச்சுப் பட்டறை வைத்திருந்தான். பெண்ணைப் பிடித்துவிட்டது. பையனின் தாய்மாமன் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாராம்: "வீட்டுல சீக்குக் கீக்கு ஒண்ணும் கெடையாதுல்ல?"

"ஒண்ணும் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டார் பாண்டியம்மா.

எஸ்தர் வாதாடினாள். இது பரம்பரையாக வருவதில்லை, மகளுக்கு வராது, நானே வந்து எடுத்துச் சொல்கிறேன் என்றாள்.

"சொன்னா ஒங்களுக்குப் புரியும் டீச்சர். அவுகளுக்கு அம்மாவுக்கு இருந்தா மகளுக்கும் இருக்கும், அம்புட்டுத்தான். ஊர் ஊராப் போயிச் சொல்றேன்ல? ஒரே ஒரு தெருவுல மட்டும் சொல்லாம இருந்துக்கிறேன். தாலி ஏறட்டும். மறுநா நானே போயி அவுக காத இங்கன வெக்கச் சொல்றேன்."



பதினேழு தட்டுகள்

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். ஒற்றைப்படையில் பதினேழு தட்டுகள். ஆப்பிள், ஆரஞ்சு, மல்லிகை, புடவை, சீனிப் பொட்டலம். எல்லாம் ஜமுக்காளத்தில் வரிசையாக வைக்கப்பட்டன. நடுவில் இரு வீட்டுத் தாம்பூலத் தட்டுகள். அவை இரண்டும் கை மாறினால் சம்பந்தம் உறுதி. மாறுகிற வரை இரு வீட்டுப் பெரியவர்களும் எழுந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

பாண்டியம்மா உட்காரும்போது குழாய்க்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மா. கணவர் இல்லாதவர்; அண்ணன்தான், அதாவது அந்தத் தாய்மாமன்தான், எல்லாவற்றுக்கும் முன் நின்றார். பையனின் பெரியப்பா ஒருவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அவருக்காகக் காத்திருந்தோம்.

பேச்சியம்மா மேலுதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆவணி வெயிலில் எல்லோருக்கும் வியர்வைதான். ஆனால் எஸ்தர் அவரையே பார்த்தாள். பிறகு பாண்டியம்மாவைப் பார்த்தாள். பாண்டியம்மாவும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மதினி செய்யுது?" என்று காதருகே கேட்டாராம் பாண்டியம்மா.

"ஒண்ணுமில்ல மதினி. விடியக்கால இருந்து தாடையில ஒரு வலி. சொத்தப் பல்லுன்னு நெனச்சேன். இப்ப முதுகுல ஏறிருச்சு. வகுத்தப் பொரட்டுது. வாய்வுதான். ஒரு சோடா வாங்கியாரச் சொல்லுங்க."

எஸ்தர் எழுந்து போய், பாண்டியம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பேச்சியம்மாவின் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்ததாம். உடனே சொல்லத் தொடங்கினாள். பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்ததால் எனக்கும் கேட்டது. தாடை வலி, முதுகு வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், இவையெல்லாம் மாரடைப்பின் அறிகுறிகள், பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமலேயே வரும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தாய்மாமன் முகம் சுளித்தார். "டீச்சர், நல்ல காரியத்துல அந்தப் பேச்ச எடுக்காதீங்க."

"போகத்தான வேணும்ங்கிறாக?" என்றார் பேச்சியம்மா. "தட்டு மாறட்டும், போவோம். மாத்தாம நான் எந்திரிச்சா ஊரு எம்மகனத்தான் சொல்லும்."

"பெரியப்பா பஸ்ஸ விட்டு எறங்கிட்டாரு, ரெண்டே நிமிசம்" என்றார் தாய்மாமன். பத்து நிமிடத்துக்கு முன்பும் அதைத்தான் சொன்னார்.

பாண்டியம்மா வாசலைப் பார்த்தார். பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு கவிதா நின்றிருந்தாள். அம்மா என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையை மிக லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று. அதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"ரேடியோவ நிப்பாட்டுங்கண்ணே" என்றார் பாண்டியம்மா.

செட்டுக்காரருக்குக் கேட்கவில்லை. பாண்டியம்மாவே எழுந்து போய் ஒயரை உருவினார்.

பந்தலில் காகிதத் தோரணம் படபடப்பது கேட்டது. எங்கோ ஒரு ஆடு. பாண்டியம்மா திரும்பி வந்து பேச்சியம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டு, அவர் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"கேக்குதா மதினி?"

"என்ன சத்தம் இது?"

"எனக்கு நெஞ்சத் தொறந்து வால்வு மாத்தியிருக்கு. அந்தச் சத்தம். மூச்சு வாங்குனப்ப நானும் ரத்தம் கம்மின்னு சொல்லிக்கிட்டு நாத்து நட்டேன். வயக்காட்டுல விழுந்த பெறகுதான் தூக்கிட்டுப் போனாக. விழுந்த பெறகு போனதால இம்புட்டும் பட்டேன். நீங்க விழுகாமப் போங்க. சம்பந்தம் வேணாம்னாலும் சரி. போங்க மதினி."

பேச்சியம்மா நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்தார். தட்டு மாறவில்லை.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்ததால் வண்டி உள்ளே வர முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு தெரு முக்கு வரை போனார்கள். தூக்கிய நால்வரில் மாப்பிள்ளைப் பையனும் ஒருவன். முக்கில் அப்போதுதான் பெரியப்பா நடந்து வந்துகொண்டிருந்தார்.

எடுத்துப் போக வந்தவர்கள்

பேச்சியம்மா பிழைத்தார். ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அந்தச் செய்தியைப் பையனே எஸ்தருக்குப் போனில் சொன்னான். அழுதான்.

அவன் பேசிய அன்று எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன்.

தட்டுகள் மூன்று நாள் பாண்டியம்மாவின் வீட்டில் இருந்தன. ஈ மொய்க்காமல் ஒவ்வொன்றையும் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். நான்காம் நாள் ஒரு ஆட்டோவில் இருவர் வந்து, வாசலில் நின்றபடியே கேட்டு வாங்கிப் போனார்கள். மல்லிகை கருகியிருந்தது. அதையும் எடுத்துப் போனார்கள்.

எஸ்தர் வண்டியூருக்குப் போனாள். நானும் போனேன். தெப்பக்குளத்துக்குப் பின்னால் அவர்கள் வீடு. மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். எஸ்தர் எல்லாவற்றையும் விளக்கினாள். தாய்மாமன் பொறுமையாகக் கேட்டார்.

"சீக்கச் சொல்லி நாங்க வேணாங்கல டீச்சர். அந்தம்மா எங்க தங்கச்சி உசுரக் காப்பாத்துனவுக. மறப்பமா? ஆனா தட்டு மாத்தாம எந்திரிச்ச வீடு. மறுக்கா அதே வீட்டுக்குத் தட்டுத் தூக்கப்படாது. எங்க வழக்கத்துல இல்ல."

"மறைச்சது தப்புதான். ஆனா..." என்றாள் எஸ்தர்.

"அதப் பத்தி நாங்க ஒரு வார்த்த சொன்னமா?" என்றார் அவர்.

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எஸ்தர் பதில் சொல்லியிருப்பாள். பேச்சியம்மா உள் அறையில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை.

தை மாதத்தில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

வண்டியூரிலிருந்து அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எஸ்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோரிப்பாளையம் தாண்டியதும் சொன்னாள்: "நான் பாடம் நடத்திட்டேன்ங்க."

"என்ன?"

"அன்னைக்கு. எனக்கும்தான் அட்டாக் வந்துச்சு. எனக்கும்தான் தாடையில வலிச்சுச்சு. அதச் சொல்லாம, தாடை வலி, முதுகு வலின்னு வகுப்புல சொல்ற மாதிரி சொல்லிட்டிருந்தேன். என் கதையச் சொல்லியிருந்தா அந்தம்மா எழுந்திருப்பாங்க. பாண்டியம்மா வாயத் திறக்க வேண்டியிருந்திருக்காது. நமக்குக் கட்டிக் கொடுக்க யாரு இருக்கா?"

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை அவள் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

எஸ்தர் சொல்லியிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள் என்றேன். இருக்கலாம் என்றாள். அது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

பாண்டியம்மா வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் யாரையும் கிட்டே கூப்பிட்டுக் காதை வைக்கச் சொல்வது நின்றுவிட்டது. எஸ்தர் கேட்டபோது வேறு எதையோ சொல்வது போலச் சொன்னார்: "கவிதா இப்ப முன் அறையில படுக்குது டீச்சர். டேபிள் ஃபேன் வாங்கியாந்திருக்கு. பெரிய ஃபேனு. ராத்திரி பூரா சத்தம்."

"சண்டை போட்டாளா?"

"ஒரு வார்த்த சொல்லல. சொன்னா நல்லாருக்கும்."

இரண்டாம் வரிசை

அதற்கு அடுத்த வருடம் புதிய அணி தொடங்கியது. நர்ஸம்மாவுக்கு வேறு ஊர் வேலை வந்துவிட்டதால், பழைய அணிப் பெண்களே மாறி மாறி வகுப்பு எடுத்தார்கள். அந்தச் சனிக்கிழமை பாண்டியம்மாவின் முறை. நான் வழக்கம் போலக் கடைசி வரிசையில்.

புதியவர்கள் பத்தொன்பது பேர். இருபதாவதாக, செருப்பை வாசலில் ஓரமாக விட்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்தவரைப் பார்த்ததும் எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். பேச்சியம்மா. இளைத்திருந்தார். யார் அனுப்பினார்கள், யார் வகுப்பு எடுக்கிறார்கள் என்று தெரிந்துதான் வந்தாரா, நான் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பாண்டியம்மா ஒரு கணம் நின்றார். பிறகு மூன்று கேள்விகளையும் விளக்கினார். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். சீரகத் தண்ணீர் வந்தது. மாமியார் வந்தார். கூடம் சிரித்தது.

பேச்சியம்மா எழுந்தபோது கரண்ட் போய்விட்டது. நான்கு மின்விசிறிகளும் மெல்லச் சுழன்று நின்றன.

"என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டார் பாண்டியம்மா.

"தாடை வலிச்சுச்சு. அப்பறம் முதுகு. வேர்த்துச்சு."

"யார்ட்ட மொதல்ல சொன்னீங்க?"

பேச்சியம்மா தலையை நிமிர்த்தினார். "எங்க சம்பந்தியம்மாட்ட சொன்னேன்."

மற்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது; அடுத்த பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த அமைதியில் கடைசி வரிசை வரைக்கும் வந்தது, டிக், டிக் என்று. அவ்வளவு வேகமாக அதை நான் கேட்டதில்லை.

பாண்டியம்மா நெஞ்சின் மேல் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"நடந்தத மட்டும் சொல்லணுங்க. நாளைக்குத் தெருவுல சொல்லயில, யாரு அந்தச் சம்பந்தின்னு கேப்பாக. ஆகாத உறவச் சொல்லப்படாது. மறுக்காச் சொல்லுங்க. யார்ட்ட சொன்னீங்க?"

பேச்சியம்மா முன் வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பொம்பளட்ட சொன்னேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"போகச் சொன்னாக."

"இப்படித்தான் சொல்லணும்" என்றார் பாண்டியம்மா. "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கரண்ட் வந்தது. மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.